டைமெக்ஸ் வாட்ச் ஏன் அவ்வளவு மலிவு, அதை ரிப்பேர்காரர்கள் ஏன் தொடுவதில்லை?

கேட்டது இதுதான்: டைமெக்ஸ் வாட்ச் எப்படி எப்போதுமே மலிவாக விற்றது, அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி வரலாறு உண்டா அல்லது வெறும் விளம்பரத்தால் வளர்ந்த கம்பெனியா, பழைய டைமெக்ஸைக் கொண்டுபோனால் வாட்ச் ரிப்பேர்காரர் ஏன் உதட்டைப் பிதுக்குகிறார்?

வரலாறு உண்டு. 1857-லிருந்து உண்டு. பல சுவிஸ் கம்பெனிகளைவிட வயதில் மூத்தது. ஆனால் சுவிஸ்காரர்கள் ஒரு வாட்ச்சில் இன்னும் எதைச் சேர்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் எதை எடுத்துவிட்டாலும் வாட்ச் ஓடும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை அந்தத் தேடலில்தான் இருக்கிறது.

கதை வாட்ச்சில் தொடங்கவில்லை, பித்தளையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நாகடக் ஆற்றோரம் வாட்டர்பரி என்ற ஊர். பித்தளைப் பொத்தான் செய்து பிழைத்த ஊர். அந்த வட்டாரத்தில் அதற்கு முன்பே சுவர்க்கடிகாரத் தொழில் இருந்தது, ஆனால் மரச்சக்கரங்களோடு. எலை டெர்ரி என்பவர் 1807 முதல் 1810-க்குள் 4,000 மரக் கடிகாரங்களைச் செய்து முடித்தார். அந்தக் காலத்துக்கு அது நம்ப முடியாத எண்ணிக்கை. மரச்சக்கரத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஈரக்காற்று பட்டால் உப்பிவிடும், கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாது. சான்சி ஜெரோம் என்ற இன்னொருவர் பித்தளைத் தகட்டை அச்சில் வெட்டிச் சக்கரம் செய்யத் தொடங்கியபோது அந்தச் சங்கடம் தீர்ந்தது, விலையும் விழுந்தது.

எவ்வளவு விழுந்தது என்பதற்கு ஜெரோம் தானே எழுதிவைத்த ஒரு சம்பவம் இருக்கிறது. 1842-ல் அவர் இங்கிலாந்துக்குக் கடிகாரங்களை அனுப்பினார். சுங்க அதிகாரிகள் ரசீதில் இருந்த விலையைப் பார்த்துவிட்டு, வரியைக் குறைக்கப் பொய்க் கணக்குக் காட்டுகிறார்கள் என்று நினைத்தார்கள். அப்போதைய சட்டப்படி, அப்படிச் சந்தேகம் வந்தால் ரசீது விலையோடு கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அரசே சரக்கை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். ஜெரோமுக்குக் கொண்டாட்டம். விற்க அலையாமலே மொத்தச் சரக்கும் ரொக்கமாகிவிட்டது! இன்னொரு கப்பல் அனுப்பினார், அதையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அது நிஜ விலை என்று அவர்களுக்கு உறைத்தது.

இந்தச் சூழலில்தான் வாட்டர்பரியின் பித்தளை ஆலையான பெனடிக்ட் அண்ட் பர்னம், தன் பித்தளைக்குத் தானே ஒரு வாடிக்கையாளரை உண்டாக்கிக்கொள்ளும் நோக்கில் 1857-ல் வாட்டர்பரி கிளாக் கம்பெனியைத் தொடங்கியது. பின்னாளைய டைமெக்ஸின் வேர் இது.

சுவரில் மாட்டும் கடிகாரத்தை மலிவாகச் செய்வது ஒன்று, சட்டைப்பைக்குள் போகும் வாட்ச்சைச் செய்வது வேறு. அந்தக் கணக்கை முதலில் போட்டவர் டேனியல் பக் என்ற கடிகாரப் பழுதுபார்ப்பவர். மிகச் சின்ன நீராவி எந்திரம் ஒன்றைச் செய்து 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் வைத்துப் பெயர் வாங்கியவர். அவர் வடிவமைத்த வாட்ச்சை விற்க 1880-ல் அதே ஊரில் வாட்டர்பரி வாட்ச் கம்பெனி என்ற சகோதர நிறுவனம் உருவானது. அந்த வாட்ச்சில் மொத்தமே 58 உறுப்புகள். விலை மூன்றரை டாலர் அளவில். டயல் வெறும் காகிதம்.

விசித்திரம் அதன் உள்ளே இருந்தது. சக்கரங்களின் எண்ணிக்கையைக் குறைக்க, பக் மொத்த எந்திரத்தையுமே கேஸுக்குள் மணிக்கு ஒரு தடவை சுற்ற வைத்துவிட்டார். நிமிட முள் எந்திரத்தோடு சேர்ந்தே சுற்றும். ஆதாயம் இரண்டு: சக்கரங்கள் மிச்சம், கூடவே வாட்ச்சை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தாலும் பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். சுவிஸ் வாட்ச்சுகளில் டூர்பியோன் என்ற பெயரில் இதன் உறவினர் ஒன்று இருக்கிறது. அதற்காக இன்று ஒரு வீட்டு விலை கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். வாட்டர்பரியில் அது சிக்கன நடவடிக்கை. இந்தத் தொழிலின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

கெடுத்தது ஸ்பிரிங். கிட்டத்தட்ட 9 அடி நீளம். சாவி கொடுக்கத் தொடங்கினால் திருகிக்கொண்டே இருக்க வேண்டும், நூறு தடவைக்கு மேல். "நீ கொஞ்ச நேரம் என் வாட்டர்பரிக்குச் சாவி கொடு, கை வலித்தால் சொல், மீதியை நான் கொடுக்கிறேன்" என்று மேடையில் சொன்னாலே கூட்டம் சிரிக்கும் அளவுக்கு அது நகைச்சுவைப் பொருளானது. போதாக்குறைக்கு துணிக்கடைக்காரர்கள் ஒரு கோட்டு சூட்டு வாங்கினால் ஒரு வாட்டர்பரி இலவசம் என்று கொடுக்கத் தொடங்கினார்கள். இலவசமாகக் கிடைக்கும் பொருளை அப்புறம் யார் காசு கொடுத்து வாங்குவார்? 1898-ல் கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டு பார்த்தது. 1912-ல் திவாலானது.

அண்ணன் கம்பெனியான வாட்டர்பரி கிளாக்குக்கு அதிர்ஷ்டம் வேறு வழியில் வந்தது. ராபர்ட் இங்கர்சால் என்பவர் தம்பியோடு சேர்ந்து தபால் வழியாகச் சில்லறைச் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். ரப்பர் ஸ்டாம்பு போன்றவை. வாட்டர்பரி கிளாக் செய்த, உருவத்தில் தடித்த பாக்கெட் கடிகாரம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. சர்க்கஸ் யானை ஜம்போவின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள் என்றால் தடிமன் புரியும். 1892-ல் 1,000 வாங்கினார். அடுத்த வருடம் சிகாகோ உலகக் கண்காட்சியில் நினைவுப் பொருளாக விற்றார். 1896-ல் யாங்கி என்ற மாடலை ஒரு டாலருக்குக் கொண்டுவந்தார். ஒரு டாலர் என்பது அன்று ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளத்தை ஒட்டிய தொகை. "டாலரைப் புகழ்பெறச் செய்த வாட்ச்" என்று விளம்பரம் செய்தார். கோடிக்கணக்கில் விற்றது. வாட்ச் என்பது பணக்காரர் வயிற்றின் குறுக்கே தங்கச் சங்கிலியில் தொங்கும் பொருள் என்ற நிலையை மாற்றியதில் இந்தத் தடித்த யாங்கிக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்குக் கையில் கட்டும் வாட்ச் தேவைப்பட்டது. பதுங்குகுழியில் துப்பாக்கியும் வரைபடமும் பிடித்திருக்கும் கையால் பாக்கெட்டைத் துழாவ முடியாது. பெண்களுக்காகச் செய்த மிட்ஜெட் என்ற சின்ன பாக்கெட் வாட்ச்சுக்குக் காது வைத்து, பட்டை கோத்து, இருட்டில் தெரிய ரேடியம் பெயின்ட் பூசிக் கொடுத்தார்கள்.

அந்தப் பெயின்ட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். டயலில் எண்களை வரைந்தவர்கள் இளம் பெண்கள். தூரிகை நுனி கூராக இருக்க அதை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள் போனது. அது எலும்பில் போய்த் தங்கும். தாடை எலும்பு அரித்துப்போகும். நியூ ஜெர்சியில் ஆரஞ்ச், இல்லினாயில் ஒட்டாவா ஆகிய ஊர்களின் பெண்கள் நீதிமன்றம் வரை போனதால் அவர்கள் கதை வெளியே தெரிந்தது. வாட்டர்பரியிலும் இதே நடந்தது, 1925-லேயே உயிரிழப்பு. மலிவு வாட்ச்சின் கணக்கில் எழுதப்படாத செலவு அது.

இங்கர்சால் போருக்குப் பின் வந்த மந்தத்தில் திவாலாக, 1922-ல் வாட்டர்பரி கிளாக்கே அதை 15 லட்சம் டாலருக்கு வாங்கியது. தன் சரக்கை விற்றுக் கொடுத்தவரின் கடையையே வாங்கிக்கொண்ட மாதிரி. ஆனால் 1930-களின் பெருமந்தம் வாட்டர்பரியையும் சாய்த்துவிட்டது. அப்போது கைகொடுத்தது ஒரு எலி. 1933-ல் மிக்கி மவுஸ் வாட்ச். மிக்கியின் இரண்டு கைகளே முட்கள், வினாடி வட்டத்தில் மூன்று குட்டி மிக்கிகள் ஒன்றையொன்று துரத்தும். இரண்டு வருடத்தில் 20 லட்சத்துக்கு மேல் விற்றது. கம்பெனி பிழைத்தது அதனால்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அடுத்த திருப்பம் நார்வேயிலிருந்து. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது தப்பி அமெரிக்கா வந்தவர்களில் கப்பல் முதலாளி தாமஸ் ஓல்சனும், யோகிம் லெம்கூல் என்ற எஞ்சினியரும் இருந்தார்கள். போருக்கு உதவும் ஏதாவது தொழிலில் இறங்கத் தேடி, வாட்டர்பரி கிளாக்கின் பெரும்பங்கை வாங்கினார்கள். வாட்ச் மேல் மோகம் கொண்டு வந்தவர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் செய்ய நினைத்தது பீரங்கிக் குண்டின் ஃப்யூஸ். விமான எதிர்ப்புக் குண்டு எத்தனை வினாடியில் வெடிக்க வேண்டும் என்பதை அந்த ஃப்யூஸுக்குள் இருக்கும் குட்டிக் கடிகாரம் தீர்மானிக்கும். பீரங்கிக் குழலின் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும், லட்சக்கணக்கில் ஒன்றுபோலவே இருக்க வேண்டும், கைவினைஞர் உட்கார்ந்து ராவிச் சரிசெய்ய நேரம் இருக்காது. 1944-ல் கம்பெனிக்கு யுனைடெட் ஸ்டேட்ஸ் டைம் என்று பெயர் மாறியது. போர் முடிந்ததும் ஃப்யூஸ் ஆர்டர் நின்றது. கையில் மிஞ்சியது அந்த உற்பத்தி முறையும் கடினமான உலோகக் கலவைகளைப் பற்றிய அறிவும்.

டைமெக்ஸ் பிறந்தது அதிலிருந்துதான். இங்கே கொஞ்சம் எந்திரத்துக்குள் போக வேண்டும், ரிப்பேர்காரர் கேள்விக்கும் விடை இங்கேதான்.

நல்ல வாட்ச்சில் "17 ஜுவல்ஸ்" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. சக்கரத்தின் அச்சு முனை சுழலும் குழியில் செயற்கை மாணிக்கக் கல் பதித்தால் உராய்வு குறையும், தேயாது. ஆனால் ஒவ்வொரு கல்லையும் துளைத்து, அளந்து, பதிக்க வேண்டும். அதன் செலவும் அதைச் செய்யத் தெரிந்த ஆளின் கூலியும் வாட்ச் விலையை ஏற்றிவிடும். டைமெக்ஸ் கல்லையே எடுத்துவிட்டது. பேலன்ஸ் வீலின், அதாவது முன்னும் பின்னும் ஆடி வாட்ச்சின் வேகத்தைச் சீராக வைக்கும் சக்கரத்தின், அச்சு முனைகளைக் கூம்பாகச் சீவி, ஆர்மலாய் என்று அவர்கள் பெயரிட்ட கடின உலோகக் குழிக்குள் உட்கார வைத்தார்கள். வி-கானிக் என்று இதற்குப் பெயர். வழக்கமான வாட்ச்சில் ஊசி முனை போன்ற அச்சு கீழே விழுந்தால் ஒடிந்துவிடும். கூம்பு அவ்வளவு எளிதில் ஒடியாது. ஆக, சிக்கனத்துக்காகச் செய்த மாற்றம் வாட்ச்சை முரட்டுத்தனமாகவும் ஆக்கியது.

கல் போன இடம் இன்னொன்றும் உண்டு. சக்கரத்தை "டிக், டிக்" என்று நிறுத்தி நிறுத்தி விடும் நெம்புகோலில் கல்லுக்குப் பதில் இரண்டு எஃகு ஊசிகள். இது டைமெக்ஸ் கண்டுபிடிப்பு இல்லை. 1867-லேயே ரோஸ்கோஃப் என்பவர் சுவிட்சர்லாந்தில் தொழிலாளிகளுக்காக 20 ஃபிராங்க் வாட்ச் செய்தபோது பிரபலப்படுத்திய முறை. பழைய டைமெக்ஸைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தம் வாட்ச் சத்தம் மாதிரியே இருக்காது, மேஜைக் கடிகாரம் மாதிரி இருக்கும். ஊசிகள் சக்கரத்தின் உலோகப் பல்லில் நேராக மோதும் சத்தம் அது.

1950-ல் கடைக்கு வந்தபோது விலை 6.95 டாலரில் தொடங்கியது. வந்ததும் அடுத்த சுவர் எழுந்தது. நகைக்கடைகள்தான் அன்று வாட்ச் விற்கும் இடம். அவர்களுக்கு வழக்கமான லாபம் விலையில் பாதி. டைமெக்ஸ் கொடுக்க முன்வந்தது 30 சதவீதம். ஏழு டாலர் பொருளில் 30 சதவீதத்துக்காகக் கண்ணாடிப் பெட்டியில் இடம் தர நகைக்கடைக்காரர்கள் தயாராக இல்லை. லெம்கூல் மருந்துக்கடைக்கும் சிகரெட் கடைக்கும் இரும்புக்கடைக்கும் போனார். சுழலும் ஸ்டாண்டில் வாட்ச்சுகள் தொங்கின. பற்பசை வாங்கப் போனவர் வாட்ச்சும் வாங்கி வந்தார். கல்லை எடுத்த மாதிரியே நகைக்கடைக்காரரையும் எடுத்துவிட்டார்கள். என் கணிப்பில் எந்திரத்தில் செய்த மாற்றத்தைவிட இதுதான் பெரிது. வாட்ச் ஒரு நகை என்ற எண்ணம் இங்கேதான் உடைந்தது.

ரிப்பேரும் அப்படித்தான். புது வாட்ச்சின் விலைக்கும் ரிப்பேர் கூலிக்கும் பெரிய வித்தியாசம் இல்லாதபோது யார் பிரித்துப் பார்ப்பார்? பழுதானால் கம்பெனிக்குத் தபாலில் அனுப்பலாம், நிர்ணயித்த ஒரு தொகைக்குச் சரிசெய்தோ உள்ளே இருப்பதை மாற்றியோ அனுப்பிவிடுவார்கள். உள்ளூர் ரிப்பேர்காரருக்கு உதிரிப்பாகமும் கிடைக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. அவர் உதட்டைப் பிதுக்கியதில் நியாயம் உண்டு. ஆனால் "டைமெக்ஸைப் பிரிக்கவே முடியாது" என்பது சரியில்லை. எழுபதுகளுக்கு முந்தையவற்றில் பெரும்பாலானவை பிரிக்கக்கூடியவைதான். நானே சிலவற்றைப் பிரித்திருக்கிறேன். திருப்பிப் பூட்டும்போதுதான் அழுகை வரும்: தகட்டை மேலே வைத்து நான்கைந்து அச்சுகளையும் ஒரே நேரத்தில் குழியில் விழ வைக்க வேண்டும், ஒன்று விழுந்தால் இன்னொன்று எழுந்து நிற்கும். தொழிற்சாலையில் அதற்கென்று பிடிகருவி இருந்தது. என்னிடம் இருந்தது பல்குத்தும் குச்சி. மற்றபடி பல சமயம் பழைய எண்ணெய் பசையாக இறுகிப்போனதைக் கழுவி, புது எண்ணெய் ஒரு துளி வைத்தாலே ஐம்பது வருடம் கழித்தும் ஓடத் தொடங்கிவிடுகிறது.

விளம்பரத்தால் வளர்ந்ததா என்ற கேள்விக்கு: விளம்பரம் இல்லாமல் வளர்ந்திருக்காது. மலிவு என்றால் மட்டம் என்று நினைக்கும் வாடிக்கையாளரிடம் உழைக்கும் என்று காட்ட வேண்டியிருந்தது. பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் மட்டையில் வாட்ச்சைக் கட்டினார்கள், ஐஸ் கட்டிக்குள் உறைய வைத்தார்கள், பெரிய கடல் இறாலின் கொடுக்கில் மாட்டினார்கள். 1950-களின் நடுவிலிருந்து செய்தி வாசிப்பாளர் ஜான் கேமரன் ஸ்வேஸ் தொலைக்காட்சியில் வந்து, எவ்வளவு அடி வாங்கினாலும் ஓட்டம் நிற்காது என்று முழங்குவார். ஒரு நேரடி ஒளிபரப்பில் மோட்டார் படகின் விசிறியில் வாட்ச்சைக் கட்டித் தண்ணீருக்குள் சுற்ற விட்டார்கள். விசிறியை வெளியே தூக்கினால் வாட்ச்சையே காணவில்லை! ஒத்திகையில் சரியாகத்தான் இருந்தது என்று அவர் சமாளித்தார். அந்தச் சொதப்பல்கூட விற்பனைக்கு உதவியது. அறுபதுகளில் அமெரிக்காவில் விற்ற மூன்று வாட்ச்சுகளில் ஒன்று டைமெக்ஸ். 1969-ல் கம்பெனியின் பெயரே டைமெக்ஸ் கார்ப்பரேஷன் ஆனது.

எழுபதுகளில் அடி விழுந்தது, அதுவும் அவர்களுடைய ஆயுதத்தாலேயே. 1976-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிளாஸ்டிக் டிஜிட்டல் வாட்ச்சை 20 டாலருக்கும், அடுத்த வருடம் 10 டாலருக்கும் இறக்கியது. கல்லையும் நகைக்கடையையும் எடுத்தவர்களிடமிருந்து எதிராளி சக்கரங்களையே எடுத்துவிட்டார். உலோகத்தை வெட்டும் ஆலைகளில் பணம் முடங்கிக் கிடந்த டைமெக்ஸ் திரும்பத் தாமதமானது.

அதன் வலியை அதிகம் தாங்கிய ஊர் ஸ்காட்லாந்தின் டண்டீ. போர் முடிந்த கையோடு அங்கே தொடங்கிய ஆலையில் உச்சத்தில் 7,000 பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் பெண்கள். சணல் ஆலைகள் மூடிக்கொண்டிருந்த ஊரில் அது பெரிய வாழ்வாதாரம். வாட்ச் வேலை குறைந்ததும் மற்றவர்களுக்காகப் பொருள் செய்யத் தொடங்கினார்கள். சின்க்ளேர் கம்ப்யூட்டர்கள், இசட்எக்ஸ்81-ம் ஸ்பெக்ட்ரமும், அங்கேதான் பூட்டப்பட்டன. பிறகு அதுவும் வற்றியது. 1993 ஜனவரியில் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம், ஊழியர்களை வெளியே வைத்துக் கதவடைப்பு, வாசலில் மாதக்கணக்கில் கசப்பான போராட்டம், ஆகஸ்டில் ஆலை மூடல். அந்த ஊரில் டைமெக்ஸ் என்ற பெயரை வாட்ச்சாக மட்டும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

கம்பெனி மீண்டது 1986-ல் வந்த அயர்ன்மேன் வாட்ச்சால். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஹவாயின் டிரயத்லான் போட்டியின் பெயர், எட்டு சுற்றுகளின் நேரத்தை நினைவில் வைக்கும் ஸ்டாப்வாட்ச், 34.95 டாலர். பில் கிளின்டன் ஜனாதிபதியாக இருந்தபோது கையில் கட்டியிருந்தது இதைத்தான். 1992-ல் இண்டிக்லோ. அதற்கு முன் டிஜிட்டல் வாட்ச்சில் ஓரத்தில் ஒரு சின்ன பல்பு மினுங்கும், பாதி எண் தெரியாது. இண்டிக்லோவில் டயல் முழுவதுமே நீலப்பச்சையாக ஒளிரும். மின்சாரம் பட்டால் ஒளிரும் துத்தநாக சல்பைடு பூச்சு அது. பொத்தானை அழுத்தியபடி வாட்ச்சைக் காதோரம் வைத்துப் பாருங்கள், கொசு ரீங்காரம் போல மெல்லிய சத்தம் கேட்கும். பேட்டரியின் சின்ன மின்னழுத்தத்தை உயர்த்தி மாறுதிசை மின்சாரமாக்கும்போது எழும் சத்தம்.

1994-ல் மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து டேட்டா லிங்க் என்று ஒன்று செய்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் வெள்ளைக் கோடுகள் மின்னும், வாட்ச்சைத் திரைக்கு நேராகக் காட்டினால் தொலைபேசி எண்களும் சந்திப்புகளும் அதில் ஏறிவிடும். வயர் கிடையாது. பழைய குழல் திரையில் மட்டுமே வேலை செய்யும் என்பதால் தட்டைத் திரை வந்ததும் அதன் ஆயுள் முடிந்தது.

இன்னொரு கடைசிச் செய்தி. 2017-ல் டைமெக்ஸ் தன் அறுபதுகளின் மார்லின் மாடலை மீண்டும் கொண்டுவந்தது, சாவி கொடுக்கும் வாட்ச்சாகவே, அதே 34 மில்லிமீட்டரில், 199 டாலருக்கு. உள்ளே இருப்பது சீன எந்திரம், அதில் கல் உண்டு. 1950-ல் எது விலை அதிகம் என்று எடுத்தெறியப்பட்டதோ அது இப்போது மலிவாகக் கிடைக்கிறது. எனக்கு அந்தப் புது மார்லினைவிடக் கல் இல்லாத பழையதுதான் பிடிக்கும், ஆனால் அது என் கோணல்.

உங்களிடம் பழைய டைமெக்ஸ் இருந்தால் டயலின் அடியில், 6-க்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அறுபதுகளின் நடுவிலிருந்து பெரும்பாலானவற்றில் பொடி எழுத்தில் எண்வரிசை இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் அது செய்யப்பட்ட வருடம், அதற்கு முந்தைய இரண்டு எந்திரத்தின் எண். 2467 என்று முடிந்தால் 24-ம் எண் எந்திரம், 1967. அதைத் தெரிந்துகொண்டு ரிப்பேர்காரரிடம் போனால், பிரிப்பாரோ மாட்டாரோ, குறைந்தது பேச்சுக் கொடுப்பார்.